பழைய வில் கிடைத்தால் முதலில் நாணேற்றாதீர்கள்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்தது என்று சொல்லி, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் என்னிடம் ஒரு வில்லை நீட்டினார். "திப்பு காலத்துச் சாமான் சார்" என்றார். நானும் நம்பி வாங்கி வந்து, ஆசை தாங்காமல் நாணேற்றப் பார்த்தேன். நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு நிறுத்திக்கொண்டேன். காய்ந்த மரம் வளையாது, முறியும். வளைத்துப் பார்க்காமலே வயதைக் கண்டுபிடிக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

திண்ணை வெளிச்சத்தில் வைத்து, உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். எண்ணெய், உப்புத்தாள் எதுவும் வேண்டாம், நமக்கு வேண்டிய முத்திரையே அதில் போய்விடும்.

முதலில் மரம். கணுக்கள் தெரிந்தால் மூங்கில். தென்னிந்திய மலைகளில் வேட்டைக்கு வைத்திருந்த வில் பெரும்பாலும் அதுதான். நாணும் மூங்கில் சிம்பாகவோ மரல் என்ற கற்றாழை மாதிரிச் செடியின் நாராகவோ இருக்கலாம். இரண்டு நாண் ஓடி, நடுவில் சின்னதாக ஒரு தொட்டில் இருந்தால் அது அம்பு விடுவதற்கே இல்லை, களிமண் உருண்டை எறியும் உண்டிவில். இந்த வகைகளில் வருஷம் சொல்வது கஷ்டம், பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம், அடுப்புப் புகை ஏறிய கறுப்பு, இவ்வளவுதான் துப்பு. நாணை மட்டும் வைத்து வயது சொல்லவே கூடாது, அது எத்தனையோ தடவை மாற்றியதாக இருக்கும்.

திப்பு காலத்துப் படைவில் என்றால் வெறும் மரமாக இருப்பது அபூர்வம். உள்பக்கம் எருமைக் கொம்பு, நடுவில் மரம், வெளிப்பக்கம் தசைநார் என்று ஒட்டி, மேலே வண்ணம் பூசியிருப்பார்கள். நாணை அவிழ்த்தால் நண்டுக் கொடுக்கு மாதிரி எதிர்ப்பக்கம் சுருண்டுகொள்ளும். என்னுடையது நேராக, குச்சி மாதிரி கிடந்தது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

நீளமான நேர் வில், குறுக்குவெட்டு ஆங்கில 'டி' எழுத்து போல, அம்பு போகும் பக்கம் வெளிர் மஞ்சள், நம்மைப் பார்க்கும் பக்கம் செம்பழுப்பு. இப்படி ஒரே கட்டையில் இரண்டு நிறம் இருந்தால் அது யூ என்ற ஐரோப்பிய மரம், இங்கிலாந்து வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து இரண்டு முனைகளையும் பாருங்கள், நாண் மாட்டும் குதை கொம்பில் செதுக்கிச் செருகியிருக்கும். அப்புறம்தான் முக்கியமான இடம்: கைப்பிடிக்குச் சற்று மேலே, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். என் வில்லில் '28' என்று ஒரு எண்ணும், கீழே பாதி அழிந்து 'ஏயர்ஸ்', 'லண்டன்' என்பதும் தெரிந்தன. எண், வில்லை இழுக்கத் தேவையான பலம், பவுண்டு கணக்கில். ஆண்கள் வில் ஆறடி, நாற்பதுக்கு மேல் எண் இருக்கும். என்னுடையது ஐந்தடி சொச்சம். ஆக இது போருக்குச் செய்ததே இல்லை, பங்களாப் புல்வெளியில் ஏதோ ஒரு துரைசாணி விளையாடியது. ஏயர்ஸ் என்பது லண்டன் விளையாட்டுச் சாமான் நிறுவனம். அதை 1940-இல் ஸ்லாசெஞ்சர் என்ற இன்னொரு விளையாட்டுச் சாமான் நிறுவனம் வாங்கிவிட்டதால், வில் அதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலும் கீழும் கண்ணாடி இழைத் தகடு ஒட்டிய வில்லாக இருந்தால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. மாறாக நூறு வருஷம் தாண்டியது என்று உறுதியானால், 1972 சட்டப்படி அது தொல்பொருள் கணக்கில் வரலாம், வெளிநாட்டு நண்பருக்குப் பார்சல் போட்டுவிடாதீர்கள்.

கடைக்காரரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தார், "இது சோழர் காலம் சார்". கைப்பிடியில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று பளபளத்தது. அந்த ஸ்க்ரூ உலகத்தில் கடைக்கு வந்ததே 1930-களில்.