ஒரு சதுர மீட்டரில் உட்கார்ந்து சூழலியல் படிப்பது எப்படி

புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு, பாம்பைப் பருந்து. இந்தப் படத்தைப் பள்ளியில் வரையாதவர்கள் இருக்க முடியாது. படத்தில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால் எந்த உயிரும் அப்படி வரிசையில் நின்று தராது. அதனால் பலர் சூழலியல் என்றாலே காடு, கடல், புலி, திமிங்கலம் என்று தூரத்தில் வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு சதுர மீட்டர் இடமும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். உயிரினங்களின் பெயர் தெரிய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, யாருக்கும் யாருக்கும் என்ன உறவு என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில் இடம். செடி கொஞ்சம், காய்ந்த சருகு கொஞ்சம், மண் கொஞ்சம் தெரிகிற இடமாகப் பார்த்து, நான்கு குச்சி நட்டு, கயிறு கட்டி ஒரு சதுரம் ஆக்கிக்கொள்ளுங்கள். நோட்டு, பென்சில், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. உயிர்களைத் தேடும் முன் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மண் ஈரமா காய்ந்ததா, நிழல் எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935-இல் சூழல் மண்டலம் என்ற கருத்தை முன்வைத்ததே இதற்காகத்தான்: உயிர்களைத் தனியாகவும் மண், நீர், வெயிலைத் தனியாகவும் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பு என்றார் அவர்.

அப்புறம் 20 நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எதுவும் தெரியாது, பரவாயில்லை. நீங்கள் வந்த அதிர்வில் ஒளிந்தவை எல்லாம் மெல்ல வெளியே வரும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் எப்போதும் சொல்வது அசுவினிப் பூச்சி. இளம் தளிர்களின் நுனியில் அல்லது இலையின் அடிப்பக்கத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக ஒட்டியிருக்கும், ஊசி முனை அளவுதான் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் வாயைத் தண்டுக்குள் குத்தி வைத்துச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்தச் சாற்றில் சர்க்கரை அதிகம், உடம்பு வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்கள் ரொம்பக் குறைவு. அதனால் அது தேவைக்கு மேல் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பின்பக்கம் தேன் மாதிரிச் சொட்டாக வெளியே விடும். போதாத அமினோ அமிலங்களைத் தயாரித்துக் கொடுப்பது அதன் உடம்புக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. ஒன்றை விட்டு மற்றொன்று பிழைக்க முடியாத அளவுக்கு நெருங்கிய கூட்டு அது.

கொஞ்சம் பொறுத்தால் எறும்பு வரும். உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்டும், ஒரு சொட்டு வெளியே வரும், குடித்துவிட்டு அடுத்ததிடம் போகும். பொறிவண்டு வந்தால் அதே எறும்பு துரத்தியடிக்கும். பொறிவண்டின் புழுவையும் தேடிப் பாருங்கள், கறுப்பாக, நீளமாக, ஆறு காலோடு குட்டி முதலை போல இருக்கும். பலர் பயந்துபோய் அதைப் பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள், அசுவினியை வாரிவாரித் தின்பதே அதுதான். கூட்டத்தின் நடுவே நகராமல், உப்பிப்போய், பழுப்பு நிறத்தில் ஒன்றிரண்டு அசுவினி இருக்கிறதா? முதுகில் வட்டமாக ஓட்டை இருக்கிறதா? ஒரு சின்னஞ்சிறு குளவி அதற்குள் முட்டையிட்டு, புழு உள்ளேயே தின்று வளர்ந்து, துளை போட்டு வெளியேறிய கூடு அது. ஒரு விரல் நீளத் தளிரில் இத்தனை கதை.

சரி, இப்போது வரையலாம். பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், தொடர்புக்கு அம்புக்குறி. இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: அம்பு தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் அது ஆற்றல் போகும் திசை. எனக்கும் ஆரம்பத்தில் இது தலைகீழாகத்தான் வந்தது. அசுவினியிலிருந்து பொறிவண்டுக்கு ஒன்று, குளவிக்கு ஒன்று, எறும்புக்கு ஒன்று என்று போடும்போதே சங்கிலி வலையாக மாறிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் கூட்டல், கழித்தல், சுழி இவற்றில் ஒன்றைப் போடுங்கள். அசுவினிக்கும் எறும்புக்கும் இரு பக்கமும் கூட்டல். செடிக்குக் கழித்தல், அசுவினிக்குக் கூட்டல். ஒரே வெளிச்சத்துக்காக நெருக்கும் இரண்டு செடிகளுக்கு இரு பக்கமும் கழித்தல், அதுதான் போட்டி. மரப்பட்டைமேல் சும்மா ஒட்டியிருக்கும் பாசிக்குக் கூட்டல், மரத்துக்குச் சுழி. ஆனால் பென்சிலால் போடுங்கள், ஏனென்றால் இந்தக் குறிகள் மாறும். புரதம் தேவைப்படும்போது அதே எறும்பு தான் காவல் காத்த அசுவினியையே தின்பதும் உண்டு.

போட்டி என்றால் ஒன்று இன்னொன்றை ஒழித்துவிடும் என்று முடிவு கட்ட வேண்டாம். ரஷ்ய உயிரியலாளர் காஸ் 1934-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே உணவுக்குப் போட்டி போட்ட இரண்டு வகை பரமீசியத்தில் (நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிர்) ஒன்று அடியோடு அழிந்தது. அழிந்த அதே வகையை வேறொரு பரமீசியத்தோடு சேர்த்து வைத்தபோது இரண்டும் பிழைத்தன, ஏனென்றால் ஒன்று சோதனைக் குழாயின் மேல்பகுதியிலும் மற்றது அடிப்பகுதியிலும் மேய்ந்தன. உங்கள் சதுரத்திலும் ஒரே செடியில் ஒன்று தளிரை, ஒன்று முற்றிய இலையை, ஒன்று வேரைத் தின்பதைப் பார்ப்பீர்கள்.

படம் தயாரானதும் ஒவ்வொரு வட்டமாக விரலால் மறைத்து, இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1963-இல் அமெரிக்காவின் பசிபிக் கரையில், மக்கா விரிகுடாவின் பாறைகளில் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். தின்பதற்கு ஆள் இல்லாததால் மட்டிகள் பாறையை ஆக்கிரமித்தன, 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 தான் மிஞ்சியது. எண்ணிக்கையில் குறைவான ஓர் உயிர் மற்றவற்றுக்கு இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது, அது போன பிறகுதான் தெரிந்தது. கட்டட வளைவைத் தாங்கும் நடுக்கல் போல இருப்பதால் இப்படிப்பட்ட உயிருக்கு 1969-இல் ஆதாரக்கல் இனம் என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

எண்ணிக்கையையும் தோராயமாக எழுதுங்கள். அசுவினி நூற்றுக்கணக்கில், பொறிவண்டு ஒன்றோ இரண்டோ, அதைத் தின்னும் சிலந்தி ஒன்று இருந்தால் அதிசயம். தின்னப்படும் படியிலிருந்து அதைத் தின்னும் படிக்கு ஆற்றலில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் போய்ச் சேரும், மிச்சம் மூச்சு விடவும் நடமாடவும் செலவாகி வெப்பமாகப் போய்விடும், அல்லது தின்னப்படாமலே கிடக்கும். இடத்துக்கு இடம் இந்த அளவு நிறைய மாறும். ஆற்றல் படிப்படியாகக் கைமாறுவதை ஓர் ஏரியில் கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டிமன். அந்தக் கட்டுரை 1942-இல் வெளிவரும் முன்பே, 26 வயதில் இறந்துபோனார்.

வெப்பமாகப் போன ஆற்றல் திரும்பி வராது, சூரியன்தான் தினமும் புதிதாகத் தர வேண்டும். நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படி இல்லை, இருப்பதே சுற்றிச் சுற்றி வர வேண்டும், அந்த வேலை நடப்பது காலுக்குக் கீழே உள்ள சருகில். பெரும்பாலும் யாரும் இதை வரைவதே இல்லை. சருகை மெல்லப் புரட்டினால் மரவட்டை, மண்புழு, வெள்ளை நூல் போன்ற பூசணம் எல்லாம் தெரியும். உங்கள் படத்தில் உள்ள எல்லா வட்டங்களிலிருந்தும் இவற்றுக்கு ஓர் அம்பு வர வேண்டும், எல்லாமே ஒருநாள் செத்து இங்கேதான் வரும்.

இவை உண்மையில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரே மரத்தின் நன்றாகக் காய்ந்த சருகை இரண்டு பங்காக ஒரே எடையில் நிறுத்து, ஒன்றை மண்புழு நுழைய முடியாத மிக நெருக்கமான நைலான் வலைப் பையிலும், மற்றதை ஒரு சென்டிமீட்டர் அளவு கண் உள்ள வலைப் பையிலும் போட்டு, சதுரத்தின் ஒரு மூலையில் சருகுக்கு அடியில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து அலுங்காமல் எடுத்து, ஒட்டிய மண்ணைத் தட்டி, உலர்த்தி மறுபடி நிறுங்கள். பெரிய கண் பையிலிருந்து துணுக்குகள் உதிர வாய்ப்பு உண்டு, அதனால் அடியில் ஒரு தாள் விரித்து எடுப்பது நல்லது. நெருக்கமான பையில் குறைந்த எடை பூசணமும் பாக்டீரியாவும் நுண்ணிய பூச்சிகளும் தின்றது. மற்றதில் கூடுதலாகக் குறைந்ததில் பெரும்பங்கு மண்புழுவும் மரவட்டையும் தின்றது.