உள்ளானா, உப்புக்கொத்தியா?
கோடியக்கரை உப்பளத்திலோ பழவேற்காட்டிலோ குளிர்காலத்தில் சின்னக் கரைப்பறவைக் கூட்டத்தைப் பார்த்தால், அது உள்ளானா (sandpiper) உப்புக்கொத்தியா (plover) என்று தெரிந்துகொள்ள நிறத்தைத் தேடாதீர்கள், அது இரைதேடும் விதத்தைப் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி. தலை நிமிராமல் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே நகர்ந்தால் உள்ளான் வகை. உப்புக்கொத்திக்குப் பெரிய கண், சின்ன அலகு, அதனால் நின்று பார்த்துத்தான் பிடிக்கும். உள்ளான்களில் பலவற்றுக்கு அலகு நுனியிலேயே தொடு உணர்வு இருப்பதால் சேற்றுக்குள் இருக்கும் புழுவைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடும். குளிர்காலத்தில் எல்லாமே சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும், நிறத்தை நம்பிப் புத்தகத்தைப் புரட்டினால் அரை மணி நேரம் போய்விடும்.

தண்ணீர் ஏறி எல்லாம் ஒற்றைக்காலில் தூங்கும் நேரத்தில் இது உதவாது. அப்புறம், வாலை ஆட்டிக்கொண்டே கரையோரம் தனியாக நடக்கும் உள்ளானும் பார்த்துத்தான் கொத்தும், அதில் ஏமாறாதீர்கள்.