கர்நாடகச் சட்டப்பேரவைக் கட்சிப் பட்டியல்: தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தேர்தல் நெருங்கினாலே தமிழில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கும்: 1952 முதல் இன்றுவரை பேரவையில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று. புதிதாகத் தொகுப்பவர்கள் எல்லோரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, ஆண்டு மாறிப்போவது போன்றவற்றை விட்டுவிடலாம், படிப்பவர்களே திருத்திவிடுவார்கள். கீழே உள்ளவை அப்படிச் சிக்குவதில்லை.

1952-ஐ இன்றைய கர்நாடகம் என்று நினைப்பது

1952-இல் காங்கிரஸ் 99-க்கு 74 இடங்களை வென்றது பழைய மைசூர் மாநிலத்தில். பெல்காமும் தார்வாடும் அப்போது பம்பாய் மாநிலத்தில் இருந்தன. பீதரும் ராய்ச்சூரும் ஹைதராபாத்தில். குடகுக்கு 24 பேர் கொண்ட தனிப் பேரவை. கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது, அதன் முடிவைச் சென்னை மாநிலக் கணக்கில்தான் தேட வேண்டும். இன்றைய எல்லைக்கு நெருங்கிய முதல் தேர்தல் 1957, இடங்கள் 208. 1967-இல் 216, 1978 முதல் 224. சதவீதம் போடுமுன் வகுக்கும் எண்ணைச் சரிபாருங்கள்.

பெயர் ஒன்றானால் கட்சியும் ஒன்று என்று கொள்வது

பட்டியலையே பாழாக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சுட்டிக்காட்டினாலும் அடுத்த தேர்தலில் திரும்ப வருகிறது.

1978-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆணைய அறிக்கையில் ‘இந்திய தேசிய காங்கிரஸ்’ என்ற பெயருக்கு நேரே 2 இடங்கள்தான் இருக்கும். அதை அப்படியே காங்கிரஸ் வரியில் எழுதினால், 1972-இல் 165 இடம் பெற்ற கட்சி இரண்டுக்குச் சரிந்ததாகத் தெரியும். நடந்தது வேறு. அந்த ஜனவரியில் காங்கிரஸ் பிளந்தது. இந்திரா காந்தி பக்கம் நின்ற தேவராஜ் அர்ஸ் 149 இடங்களுடன் மீண்டும் முதல்வரானார். அந்த 149-உம் ‘காங்கிரஸ் (இ)’ என்ற வேறு வரியில் இருக்கிறது. 1972-இல் ஸ்தாபன காங்கிரஸ் (1969 பிளவில் இந்திராவுக்கு எதிராக நின்ற பிரிவு) பெற்ற 24 இடங்களை 165-உடன் கூட்டி 189 என்று எழுதுவதும் நடக்கிறது. ஒருவரையொருவர் எதிர்த்து வாக்குக் கேட்டவர்களை ஒரே வரியில் அடைக்கக் கூடாது.

ஜனதா விஷயம் இன்னும் சிக்கல். 1978-இல் 59, 1983-இல் 95, 1985-இல் 139 இடங்களை வென்றது ஜனதா கட்சி. 1989-இல் 24, 1994-இல் 115 வென்றது ஜனதா தளம், 1988 அக்டோபரில் பெங்களூரில் தொடங்கப்பட்ட வேறு கட்சி. 1999-இல் அது உடைந்து ஐக்கிய ஜனதா தளம் 18, மதச்சார்பற்ற ஜனதா தளம் (மஜத) 10 என்று நின்றன. இன்றைய மஜதவின் கணக்கு அந்தப் பத்தில்தான் தொடங்குகிறது. 1983-இல் ஜனதா முதல்வரான ராமகிருஷ்ண ஹெக்டேயின் வெற்றியை மஜத வரியில் எழுதுவது பெரும் பிழை. 1999-இல் ஹெக்டே இருந்ததே மஜத தலைவர் தேவ கௌடாவுக்கு எதிர்முகாமில். 1989-இன் 24 இடங்களையும் கௌடா பெயரில் எழுத முடியாது. அந்தத் தேர்தலில் அவர் ஜனதா தளத்தில் சேராமல் நின்று தோற்றார்.

பாஜகவின் முன்னோடியான ஜனசங்கம் 1977-இல் ஜனதாவில் கரைந்தது, பாஜக 1980-இல் பிறந்தது. ஆகவே 1978-க்கு நேரே பாஜகவுக்குச் சுழியம் போடாமல் கோடு போடுங்கள். தோற்ற கட்சியும் அப்போது இல்லாத கட்சியும் ஒன்றல்ல.

பின்னால் நடந்த இணைப்பை முன்தேதியிட்டு எழுதுவதும் இந்த வகைதான். 2013-இல் பாஜக 40, எடியூரப்பாவின் கர்நாடக ஜனதா கட்சி 6, ஸ்ரீராமுலுவின் பி.எஸ்.ஆர். காங்கிரஸ் 4. இருவரும் 2014-இல் பாஜகவுக்குத் திரும்பியதால் 50 என்று கூட்டிவிடுகிறார்கள். 2008-இல் 110 இடம் பெற்ற கட்சி 40-க்கு விழுந்ததற்கு அந்தப் பிளவு பெரிய காரணம். கூட்டிவிட்டால் விழுந்த காரணமே பட்டியலிலிருந்து காணாமல் போகும். 1983-இல் நிலைமை தலைகீழ்: தேவராஜ் அர்ஸ் தொடங்கிய கிராந்தி ரங்கா கட்சியினர் ஜனதா சின்னத்தில் நின்றதால் 95-க்குள் அடக்கம், அவர்களுக்குத் தனி வரி போடக் கூடாது.

செய்ய வேண்டியது இது. தேர்தலுக்கு ஒரு தாள் வையுங்கள். கட்சியின் அன்றைய பெயரை அறிக்கையில் உள்ளபடியே எழுதுங்கள். பக்கத்தில் ‘எதிலிருந்து பிரிந்தது’, ‘எதில் கலந்தது’ என்று ஆண்டோடு இரண்டு கட்டங்கள். எல்லாத் தாள்களும் முடிந்த பிறகே ஒரே அட்டவணையாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் கூட்டிப் பாருங்கள். 1978-க்கு 149, 59, 2, இந்திய கம்யூனிஸ்ட் 3, குடியரசுக் கட்சி (ரிபப்ளிகன் கட்சி) 1, சுயேச்சை 10. மொத்தம் 224 வரும்.

மேலவையைச் சேர்ப்பது

75 பேர் கொண்ட மேலவைக்குத் தேர்தல் முறையே வேறு. தாளும் வேறு.

தேதி போடாமல் எண் எழுதுவது

2018 மே மாதம் முதலில் முடிவு வந்தது 222 தொகுதிகளுக்கு. அப்போது காங்கிரஸ் 78. தள்ளிவைக்கப்பட்ட ராஜராஜேஸ்வரி நகரையும் ஜெயநகரையும் வென்றபின் 80. 2019 ஜூலையில் 17 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட, டிசம்பரில் 15 இடங்களுக்கு நடந்த இடைத்தேர்தலில் பாஜக 12 வென்றது. 2023-இல் கல்யாண ராஜ்ய பிரகதி கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் 2024 மார்ச்சில் கட்சியோடு பாஜகவுக்குப் போனது. ஆனாலும் 2023 தாளில் அந்த 1 இருந்தே ஆக வேண்டும்.

சுயேச்சை என்றால் அமைப்பே இல்லாதவர் என்று கொள்வது

2013-இன் 9 சுயேச்சைகளில் இருவர் பெல்காம் பகுதியில் மகாராஷ்டிர ஏகீகரண் சமிதி (அப்பகுதியை மகாராஷ்டிரத்தோடு சேர்க்கக் கோரும் அமைப்பு) நிறுத்தியவர்கள்.

‘அதிமுக 1’ என்பதைப் பெங்களூர் வாக்காகப் படிப்பது

1983-லும் 1999-லும் அதிமுகவுக்குக் கிடைத்த ஒற்றை இடத்தை அல்சூர், ஸ்ரீராமபுரம் தமிழர் வாக்கு என்று விளக்குகிறார்கள். அது கோலார் தங்கவயல், சுரங்கத் தொழிலாளர் தொகுதி. 1978-லும் 2004-லும் குடியரசுக் கட்சி வென்றதும் அங்கேதான். ஒற்றை இடம் பெற்ற கட்சி எதுவானாலும் பக்கத்தில் தொகுதியின் பெயரையும் எழுதிவிடுங்கள்.