டிரெய்லர் ஓட்ட வருகிறாயா மாப்பிள்ளை? முதலில் ஹால்டிங் (காத்திருப்பு) காசைக் கேள்

அக்கா மகன் சங்ககிரியிலிருந்து போன் செய்தான். "மாமா, பெங்களூரு பக்கம் நெலமங்கலாவில் டிரெய்லர் வேலை இருக்காம். மாசம் முப்பதாயிரம் வருமாம். வரட்டுமா?" வரும்தான். எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு வா என்றேன். அவனுக்குச் சொன்னதுதான் இது.

லைசென்ஸ் விஷயம் சின்னது. 20 வயது முடிந்திருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். எட்டாவது பாஸ் என்ற விதி 2019இல் போய்விட்டது.

வேலையைக் கற்றுக்கொள்வதுதான் பெரிது. பாடி லாரியில் நாலு பக்கமும் பலகை சரக்கைப் பிடித்துக்கொள்ளும். பிளாட்பெட்டில், அதாவது தட்டையான திறந்த டிரெய்லரில், அப்படி எதுவும் கிடையாது. நீ கட்டுகிற கட்டுதான் எல்லாம். நான் பல்லாரிப் பக்கம் தோரணகல்லில் இரும்புக் காயில் (சுருளாகச் சுற்றிய தகடு) ஏற்றி, ஹிரியூர், தும்கூர் வழியாகப் பெங்களூரு பீன்யாவில் இறக்குகிறேன். ஒரு காயில் இருபது டன்னுக்கு மேல்கூட இருக்கும். சடன் பிரேக் போட்டால் அது வந்து நிற்கிற இடம் உன் முதுகு. ஆகவே கிரேன் இறக்கி வைத்ததும், காயில் எந்தப் பக்கம் உருளும் என்று பார். அந்த இரண்டு பக்கமும் ஆப்புக்கட்டை முழு அகலத்துக்கும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். சங்கிலியைக் காயிலின் கண்ணுக்குள் (நடு ஓட்டை) விட்டு இரு பக்கமும் இழுத்துக் கட்டு. விளிம்பு படும் இடத்தில் பழைய டயர்த் துண்டு வை. அப்புறம் ஸ்பேனரால் சங்கிலியைத் தட்டு. 'டங்' என்று கேட்டால் சரி. 'தொப்' என்றால் இன்னும் இறுக்கு. முப்பது நாற்பது கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி மறுபடி தட்டு. ரோட்டுக் குலுக்கலில் எல்லாக் கட்டும் இளகும், யார் கட்டினாலும்.

கம்பி லோடு என்றால் வேறு கவலை. கம்பி 12 மீட்டர், 40 அடி டிரெய்லரில் மட்டாக அடங்கும். குட்டை வண்டியில் ஏற்றச் சொன்னால் மாட்டேன் என்று சொல். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கு 2014 முதல் தடை. பிடித்தால் 20,000 அபராதம். ஓவர்லோடுக்கும் அதே 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. எடை மேடைச் சீட்டைப் பார்க்காமல் சாவியைத் திருகாதே. சரக்கோடு வரும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லையும் பார்: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வழியில் வண்டி நின்றுவிட்டால், தேதி தாண்டுவதற்குள் ஆபீசுக்குச் சொல்லிவிடு.

இப்போது காசு. என் மாதச் சம்பளம் 15,000, டிரிப் படி 2,200. போன மாதம் ஏழு டிரிப் அடித்தேன்; மொத்தம் 30,400. சாப்பாடு, குளியல், டீ என் கையிலிருந்து, நாளைக்கு 400 ஆகிவிடும். டிரிப் எண்ணிக்கைதான் வருமானம், அதைக் கெடுப்பது காத்திருப்பு. ஒரு முறை பீன்யாவில் ஒரு கம்பெனி வாசலில் மூன்று நாள் நின்றேன். கிரேன் ரிப்பேராம். சோற்றுக்கே 1,200 போய்விட்டது. படியில் மிச்சம் ஆயிரம். ஓனரைக் கேட்டால், "ஹால்டிங் பேசவில்லையே" என்றார். உண்மைதான், நான் பேசவில்லை. அதனால் வேலைக்குச் சேரும்போதே கேள்: இரண்டாம் நாளிலிருந்து ஹால்டிங் உண்டா, எவ்வளவு, டிரைவர் கைக்கு வருமா? வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். தும்கூர் ரோட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

வண்டியையும் கேட்டுக்கொள். 2025 அக்டோபருக்குப் பிறகு தயாரான லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். பழைய வண்டி என்றால் சித்திரை மாத மதியத்தில் பல்லாரிப் பக்கம் அடுப்புதான்.

சரக்கை இறக்கி முடித்ததும் சங்கிலி, பெல்ட், கட்டை எல்லாவற்றையும் நீயே எண்ணி எடுத்து வை. ஒன்று குறைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். எனக்கு இரண்டு தடவை பிடித்திருக்கிறார்கள்.