பென்ஷனுக்குப் பிறகு மருத்துவச் சலுகை: காரியம் கெடும் இடங்கள்

மலேசியாவின் போம்பா (தீயணைப்புத் துறை), போலீஸ், சிறைத்துறை, பினாங்கு மஜ்லிஸின் (நகராண்மைக் கழகம்) குப்பை லாரி, கொசு மருந்து அடிக்கும் பிரிவு. இங்கெல்லாம் வேலை பார்த்தவர்களுக்கு உடம்பில் ஏற்பட்ட சேதம் பணி முடிந்து பல வருஷம் கழித்தும் தலைகாட்டலாம். அப்போது கைகொடுப்பது பணிக்காலத்தில் எழுதி வைத்த காகிதம்தான்.

அதனால் பெரிய தவறு, "சின்ன அடிதானே" என்று ரிப்போர்ட் செய்யாமல் விடுவது. சாக்கடையில் இறங்கி எலிக்காய்ச்சல் வந்தால், எந்த நாள், எந்த இடம், என்ன வேலை என்று மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காது விஷயம் இன்னும் மோசம், மெல்லத்தான் போகும். 2019 இரைச்சல் விதிமுறைப்படி அன்றாட வரம்பு 85 டெசிபல். சைரன், பம்ப், குப்பை நசுக்கும் இயந்திரம் பக்கத்தில் நின்றவர், ஓய்வுக்கு முன் செவிச்சோதனை செய்து அறிக்கையின் நகலை வாங்கிவிட வேண்டும். இரசாயனங்களோடு புழங்கியவரின் மருத்துவக் கண்காணிப்புப் பதிவை முதலாளி 30 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு விதி. கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

அடுத்தது, பணியில் அடிபட்டு முடியாமல் போனவர் விரக்தியில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுப்பது. 1980 பென்ஷன் சட்டத்தில் உள்ள உடல் ஊனப் பென்ஷன், பணியில் ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ ஓய்வில் அனுப்பப்பட்டவருக்குத்தான். ஆகவே மருத்துவ வாரியம் வழியாகவே போங்கள். அவசரக் கையெழுத்தைப் பிறகு மாற்றுவது லேசல்ல.

காது மெஷினையோ மருந்தையோ முதலில் கடையில் வாங்கிவிட்டு, பிறகு ரசீதை நீட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் ஏராளம். வரிசை அதற்கு நேர் எதிர். அரசு மருத்துவமனை டாக்டர் "இது தேவை, இங்கே கிடைக்காது" என்று உறுதிப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் கொள்முதல். பொருளின் பெயர், அளவு, மாடல் எல்லாம் டாக்டர் எழுதியதோடு பொருந்த வேண்டும். அசல் ரசீது தேவை. மஜ்லிஸ் ஓய்வாளர்கள் படிவம் நிரப்புமுன் தங்கள் பழைய மனிதவளப் பிரிவில் விசாரிப்பது நல்லது. கூட்டரசு ஊழியருக்கான ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) நடைமுறைதான் எல்லாருக்கும் என்று நினைக்காதீர்கள்.

கோலாலம்பூர் ஐஜேஎன்னுக்கு (தேசிய இருதய மருத்துவமனை) நெஞ்சுவலி என்று நேராகக் கிளம்பாதீர்கள். அவசரம் என்றால் பக்கத்து அரசு மருத்துவமனை. ஐஜேஎன் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதமும் சூராட் ஜாமினானும் (செலவுக்கான உத்தரவாதக் கடிதம்) வேண்டும்; பென்ஷன் கார்டை மட்டும் காட்டினால் போதாது.

ஓய்வாளர் இறந்துவிட்டால் மனைவி உடனே தெரிவித்து, பென்ஷனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய கார்டோடு கிளினிக்குக்குப் போனால் கவுண்டரில் சிக்கல்தான்.