கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை: ரிப்போர்ட்டில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மி.லி.-க்கு 92 மி.கி. வந்தால் கர்ப்பகால நீரிழிவு, 91 வந்தால் இல்லை. இப்படி ஒரு புள்ளியில் முடிவு மாறிவிடுகிறது. ஆனால் ரத்தம் எடுத்த டியூப் மேசைமேல் சும்மா கிடந்தாலே அதைவிடப் பெரிய பிழை வந்துவிடும். முதல்முறை டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் எந்தெந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எந்த டெஸ்ட் என்று கேளுங்கள்

வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் ஏற்றுக்கொண்ட முறையில் வெறும் வயிற்றில் ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த பிறகு 1 மணி நேரத்திலும் 2 மணி நேரத்திலும் ரத்தம் எடுப்பார்கள். எல்லைகள் முறையே 92, 180, 153. மூன்றில் ஒன்று எட்டினாலே போதும். சில இடங்களில் முதலில் 50 கிராம் கொடுத்து யாருக்கு மேல்சோதனை தேவை என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் 100 கிராம் கொடுத்து 3 மணி நேரம் பார்ப்பார்கள். அதன் எல்லைகள் வேறு. ஒரு டெஸ்ட்டின் எண்ணை இன்னொன்றின் அளவுகோலில் வைத்துப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

படி 2: மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிடுங்கள்

டெஸ்ட் நல்லபடியாக வர வேண்டும் என்று மாவுச்சத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அது நேர்மாறாகப் போகும். சில நாள் மாவுச்சத்தே இல்லாமல் இருந்த உடம்புக்குத் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் போனால், சமாளிக்க நேரமாகும், எண் ஏறித் தெரியும். முந்தைய இரவிலிருந்து குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருங்கள், 14 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது சர்க்கரையை ஏற்றும்.

படி 3: கரைசலும் கடிகாரமும்

75 கிராம் என்பது நீர் சேராத குளுக்கோஸின் கணக்கு. நீர்மூலக்கூறு சேர்ந்த மோனோஹைட்ரேட் பொடி என்றால் 82.5 கிராம் எடுக்க வேண்டும். கரைசலை 5 நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். நேரம் முதல் வாய் குடித்ததிலிருந்து தொடங்கும், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உட்கார்ந்தே இருங்கள், நடந்தால் எண் குறையும். இடையில் வாந்தி வந்துவிட்டால் அந்த டெஸ்ட் செல்லாது, வேறொரு நாள்தான்.

படி 4: டியூப் எங்கே போகிறது?

அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான், யாரும் பேசாத இடமும் இதுதான். டியூபுக்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். உண்மையில் 95 இருந்தவருக்கு ஒரு மணி நேரம் கழித்து 89 என்று வரலாம். நோய் இருக்கிறது, ரிப்போர்ட் இல்லை என்கிறது.

சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு டியூப் இதைத் தடுக்கத்தானே என்று கேட்கலாம். தடுக்கும், ஆனால் உடனே இல்லை. குளுக்கோஸ் உடையும் பாதையில் கடைசிப் பக்கம் இருக்கும் ஒரு நொதியைத்தான் ஃபுளோரைடு முடக்குகிறது. அதற்கு முந்தைய படிகள் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சிட்ரேட் சேர்த்த டியூப் முதல் படியிலேயே நிறுத்திவிடும். அது இல்லையென்றால் டியூபைப் பனிக்கட்டி நீரில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் சுழற்றி, அணுக்கள் இல்லாத திரவமான பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும்.

மூன்று டியூபும் சேரட்டும் என்று காத்திருக்கும் லேப்களில் அதிகம் அடிபடுவது முதல் டியூப். 92 என்ற எல்லைக்கு அடிப்படையான, கர்ப்பிணிகளின் சர்க்கரை அளவு குறித்து 2008-இல் வெளியான ஹேப்போ (HAPO) என்ற பன்னாட்டு ஆய்வில் ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைத்தார்கள். எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டு பனிக்கட்டியை விட்டுவிட்டால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? “ரத்தத்தை உடனே பிரிப்பீர்களா, கடைசியில் சேர்த்துப் பிரிப்பீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

படி 5: குளுக்கோமீட்டரை அதற்குரிய வேலைக்கு வையுங்கள்

சர்வதேசத் தரப்படி, 100-க்குக் கீழே பெரும்பாலான அளவீடுகள் 15 மி.கி. கூடவோ குறையவோ இருக்கலாம். அப்படியென்றால் உண்மையான 92, 80 என்றும் தெரியலாம், 105 என்றும் தெரியலாம். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். குளுக்கோஸ் குடித்த பிறகு விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை, லேபில் கையின் சிரையிலிருந்து எடுக்கும் ரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும். நோய் உறுதியான பிறகு தினமும் கண்காணிக்க மீட்டர் அருமையான கருவி, உறுதிசெய்ய அது போதாது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட்டும் அப்படித்தான். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் அது குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவோ ஏற்றிக் காட்டும்.

படி 6: எல்லையோர எண் வந்தால்

90, 91 என்று வந்தால் டியூபின் கதையைச் சொல்லி மருத்துவரிடம் பேசுங்கள். குடும்பத்தில் நீரிழிவு, முந்தைய பெரிய குழந்தை, அதிக உடல் எடை போன்றவை இருந்தால் மறுபடி பார்ப்பது நியாயம். வெறும் வயிற்றில் 126 அல்லது 2 மணி நேரத்தில் 200 வந்தால், அது ஏற்கெனவே இருந்த நீரிழிவாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். நோய் உறுதியானவர்கள் பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் டெஸ்ட்டை மறுபடி செய்துகொள்ள வேண்டும். அப்போது பார்ப்பது 92 அல்ல, கர்ப்பம் இல்லாதவர்களுக்கான எல்லைகள்.