நெக்ஸ்ட்க்ளவுட் சர்வரைக் காப்புநகல் எடுப்பதும் மீட்டெடுப்பதும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

காரைக்குடியில் ஆத்தங்குடித் தரைக்கல் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் சர்வரை நான் கவனித்துவருகிறேன். வாடிக்கையாளர்கள் அனுப்பும் வீட்டு வரைபடங்கள், எந்த அறைக்கு எந்தப் பூ, ஓரத்துக்கு எத்தனை கல் என்ற கணக்குகள், சரக்கு ஏற்றும் நாட்களைக் குறித்த நாட்காட்டி ஆகிய அனைத்தும் நெக்ஸ்ட்க்ளவுட் சர்வரில்தான் இருக்கின்றன. கோப்புகளையும் நாட்காட்டியையும் சொந்தச் சர்வரிலேயே வைத்துப் பகிர உதவும் மென்பொருள்தான் நெக்ஸ்ட்க்ளவுட். ஒரு சித்திரை மாதக் கோடை இடியில் மின்சாரம் ஏறி இறங்கியபோது, சர்வரும் அதனுடன் யுஎஸ்பி வடத்தால் எப்போதும் இணைக்கப்பட்டிருந்த காப்பு வட்டும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. என் மடிக்கணினியில் தற்செயலாக இருந்த ஒரு மாதப் பழைய நகலைக்கொண்டு மீட்டெடுத்தேன். அப்போதும் ஒரு கட்டளையை இட மறந்து, இரண்டாவது இழப்பை நானே வரவழைத்துக்கொண்டேன். அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

உபுண்டு இயங்குதளம், அப்பாச்சி வலைச் சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ் ஆகியவற்றின்மேல் நேரடியாக நிறுவப்பட்ட நெக்ஸ்ட்க்ளவுடை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தருகிறேன். முனையத்தில் (டெர்மினல்) அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

எவற்றை எடுக்க வேண்டும்?

கோப்புகள் இருக்கும் ‘டேட்டா’ கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் போதும் என்று புதியவர்கள் பலரும் எண்ணுகிறார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சாமான் அறையும் உண்டு, எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது, யார் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறது என்று எழுதிய நோட்டும் உண்டு. டேட்டா கோப்புறை அந்த அறை; டேட்டாபேஸ் அந்த நோட்டு. யாருக்கு எந்தக் கோப்பு பகிரப்பட்டது, நாட்காட்டியில் என்ன குறித்திருக்கிறது, தொடர்புகளில் யார் இருக்கிறார்கள் என்பனவெல்லாம் நோட்டில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நோட்டையும் ஞாயிற்றுக்கிழமை அறையையும் ஒன்றாக வைத்தால் கணக்கு ஒத்துவராது. ஆகவே இரண்டும் ஒரே நேரத்து நிலையைக் காட்டுபவையாக இருக்க வேண்டும். காப்புநகல் எடுக்கும் முறை முழுவதும் இந்த ஒரு தேவையைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இவற்றுடன் ‘கான்ஃபிக்’ கோப்புறை, நீங்களாகச் சேர்த்த செயலிகளின் கோப்புறை, ‘தீம்ஸ்’ கோப்புறை ஆகியவற்றையும் எடுக்க வேண்டும். கான்ஃபிக் கோப்புறையில் இருக்கும் ‘கான்ஃபிக் டாட் பிஎச்பி’ சில கிலோபைட் அளவுள்ள சிறு கோப்புதான். ஆனால் சர்வருக்கே உரிய இரகசிய மதிப்புகள் அதில் இருப்பதால், அது தொலைந்தால் மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்து சேமிக்கப்பட்ட சில தகவல்களைத் திறக்க இயலாது.

முதல் படி: முன்நகல்

பெரிய டேட்டா கோப்புறையை நகலெடுக்கப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை அலுவலகத்தை நிறுத்திவைக்க முடியாது. எனவே சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை நகலெடுக்கும் ‘ஆர்சிங்க்’ கருவியால் மேற்சொன்ன கோப்புறைகளை ஒருமுறை நகலெடுத்துவிடுங்கள். இந்த முன்நகல் முழுமையாக ஒத்துப்போகாது. அதனால் கவலை இல்லை. பின்னர் சர்வரை நிறுத்திவைத்து மறுபடி ஆர்சிங்க்கை இயக்கும்போது, இடையில் மாறிய கோப்புகளை மட்டும் அது எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: பராமரிப்பு நிலை

நெக்ஸ்ட்க்ளவுட் கோப்புறைக்குள் சென்று, ‘ஓசிசி’ என்னும் நிர்வாகக் கருவியால் ‘மெயின்டனன்ஸ் மோட்’ என்பதை ‘ஆன்’ செய்யுங்கள். இக்கட்டளையை ரூட் பயனராக (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) அன்றி, வலைச் சர்வரின் பயனரான ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பெயரில், வேறு பயனர் பெயரில் கட்டளையிட உதவும் ‘சூடு’ வழியாக இட வேண்டும். அதன்பின் யாரும் புதிதாக உள்நுழைய முடியாது. உள்ளே இருப்பவர்களும் எதையும் மாற்ற முடியாது. இப்போது ஆர்சிங்க்கை இரண்டாம் முறை இயக்குங்கள்.

மூன்றாம் படி: டேட்டாபேஸ்

‘மைஎஸ்க்யூஎல்டம்ப்’ கருவி டேட்டாபேஸ் முழுவதையும் ஓர் உரைக்கோப்பாக எழுதித் தரும். மரியாடிபியின் புதிய பதிப்புகளில் இதன் பெயர் ‘மரியாடிபி-டம்ப்’. ‘சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன்’ என்ற தெரிவையும் (டேட்டாபேஸின் ஒரே நேரத்து நிலையை எடுக்க), எழுத்துத் தொகுதியாக ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதையும் தவறாமல் குறிப்பிடுங்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுப்பதால், பழைய 3 பைட் தொகுதியிலும் தமிழ்க் கோப்புப் பெயர்கள் பிழைத்துக்கொள்ளும். இமோஜிகளுக்கு 4 பைட் தேவை என்பதால் அவை கேள்விக்குறிகளாகிவிடும். தமிழ் சரியாகத் தெரிகிறதே என்று நம்பி இதைக் கவனிக்காமல் விடுவது எளிது.

உருவான கோப்பின் கடைசி வரியை ‘டெய்ல்’ கட்டளையால் பாருங்கள். ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்ற சொற்களும் தேதியும் அங்கே இருக்க வேண்டும். வட்டில் இடம் தீர்ந்து பாதியில் நின்றுபோன கோப்பும் வெளிப்பார்வைக்கு நல்ல கோப்பைப் போலவே இருக்கும். அந்தக் கடைசி வரி மட்டும் இருக்காது.

முடிந்ததும் பராமரிப்பு நிலையை ‘ஆஃப்’ செய்யுங்கள். இதை மறந்தால் காலை ஒன்பதரை மணிக்குக் கணக்குப்பிள்ளை நினைவூட்டுவார்: “தம்பி, ஒண்ணும் திறக்கமாட்டேங்குதே.”

நான்காம் படி: நகலை எங்கே வைப்பது?

மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பகங்களில், அவற்றுள் 1 வேறு இடத்தில் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. நாங்கள் ஒரு வட்டை அலுவலகத்திலேயே, நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற வேளைகளில் வடத்தைக் கழற்றி வைக்கிறோம். இன்னொரு பிரதி மதுரைக்குப் போகிறது. வெளியூர் செல்லும் வட்டை மறையாக்கம் செய்துவிடுங்கள். வாடிக்கையாளர்களின் முகவரிகளும் வீட்டு வரைபடங்களும் அதில் இருக்கின்றன.

ஒவ்வொரு நாளும் பழைய நகலின் மேலேயே எழுதுவதை நான் காப்புநகலாகக் கருதுவதில்லை. திங்களன்று சிதைந்த கோப்பு செவ்வாயன்று நல்ல பிரதியையும் அழித்துவிடும். தேதியிட்ட கோப்புறைகளாக, 7 நாள் நகல்களும் 4 வார நகல்களும் 6 மாத நகல்களும் வைத்திருப்பது எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

மீட்டெடுத்தல்

தொலைந்தது ஒரே ஒரு கோப்பு என்றால் சர்வரைத் தொடவே வேண்டாம். அழித்த கோப்புகள் இயல்பான அமைப்பில் 30 நாட்கள்வரை குப்பைத்தொட்டியில் வைக்கப்படுகின்றன. மாற்றி எழுதப்பட்ட கோப்புக்கு முந்தைய பதிப்புகள் இருக்கக்கூடும்.

முழுச் சர்வரையும் மீட்க நேர்ந்தால், புதிய கணினியில் காப்புநகல் எடுத்தபோது இருந்த அதே நெக்ஸ்ட்க்ளவுட் பதிப்பை நிறுவுங்கள். மேம்படுத்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோப்புறைகளை அவற்றின் பழைய இடங்களில் வைத்து, ‘சௌன்’ கட்டளையால் உரிமையை வலைச் சர்வரின் பயனருக்கு மாற்றுங்கள். யூடிஎஃப்8எம்பி4 தொகுதியில் வெற்று டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, உரைக்கோப்பை அதற்குள் ஏற்றுங்கள். கான்ஃபிக் கோப்பைப் பராமரிப்பு நிலையில் நகலெடுத்திருந்தால், மீண்டு எழும் சர்வரும் பராமரிப்பு நிலையிலேயே எழும். இது பிழையன்று, நமக்கு வசதியே.

நான் தவறிய இடம் இதுதான். நெக்ஸ்ட்க்ளவுடின் ஒத்திசைவில் (சர்வரிலும் கணினிகளிலும் ஒரே கோப்புகள் இருக்கச் செய்வதில்) சர்வர் சொல்வதே முடிவு. பழைய நகலிலிருந்து எழுந்த சர்வரில் கடைசி ஒரு மாதக் கோப்புகள் இல்லை; அலுவலகக் கணினிகளில் இருந்தன. பராமரிப்பு நிலையை நீக்கியவுடன் அக்கணினிகளின் ஒத்திசைவுச் செயலிகள், சர்வரில் இவை அழிக்கப்பட்டுவிட்டன என்று கருதித் தம்மிடம் இருந்த பிரதிகளையும் நீக்கத் தொடங்கின. முதல் கணினியில் கோப்புறை காலியாவதைக் கண்டு வலை வடத்தைப் பிடுங்கியதால்தான் மற்றவை தப்பின. இதைத் தவிர்க்க, பராமரிப்பு நிலையில் இருக்கும்போதே ‘ஓசிசி’ வழியாக ‘மெயின்டனன்ஸ் டேட்டா-ஃபிங்கர்பிரின்ட்’ என்ற கட்டளையை இட வேண்டும். அவ்வாறு செய்தால் சர்வரில் இல்லாத கோப்புகள் கணினிகளிலிருந்து திரும்ப ஏற்றப்படும். உள்ளடக்கம் வேறுபடும் கோப்புகளுக்குப் பயனரிடம் எதை வைத்துக்கொள்வது என்று கேட்கப்படும். காப்புநகல் கணினிகளைவிடப் பழையதாக இருக்கும்போது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். தேவையின்றி இட்டால் முரண்பாட்டுக் கேள்விகள் வீணாகக் குவியும்.

ஒத்திகை

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, தனி மெய்நிகர் கணினியில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) இந்த மீட்டெடுப்பை முழுவதும் செய்துபாருங்கள். சர்வரைத் திறக்க அனுமதிக்கப்பட்ட முகவரிகளைக் குறிக்கும் ‘டிரஸ்டட் டொமைன்ஸ்’ பட்டியலில் அக்கணினியின் முகவரியைச் சேர்க்காவிட்டால் உள்நுழைவுப் பக்கமே திறக்காது. பின்னணிப் பணிகளை இயக்கும் ‘க்ரான்’ வரியை அங்கே இடாதீர்கள். இட்டால் ஒத்திகைச் சர்வர் உண்மையான பயனர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிவிடும். நான் ஒவ்வொரு முறையும் கானாடுகாத்தான் வீடு ஒன்றின் பட்டாலைத் தரை வரைபடத்தைத் திறந்து, அது யாருக்கெல்லாம் பகிரப்பட்டிருக்கிறது என்று பார்த்து, மொத்தம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ஒரு தாளில் எழுதி சர்வர் அலமாரியின் கதவில் ஒட்டிவைக்கிறேன்.